எஸ்கேப் ரூம் கேமில் மாட்டிக்கொள்ள வைக்கும் தவறுகள்

பூட்டிய அறைக்குள் க்ளூக்களைத் தேடி, புதிர்களை விடுவித்து வெளியேறும் போன், கம்ப்யூட்டர் விளையாட்டுதான் எஸ்கேப் ரூம் கேம். அதில் பூட்டைக் கண்டதும் திறக்கப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. பூட்டு கண்ணுக்கு நேரே இருக்கும். அதற்கான க்ளூ மேசைக்கு அடியிலோ, படத்துக்குப் பின்னாலோ, இன்னும் திறக்காத இழுப்பறையிலோ இருக்கும். அறைக்குள் நுழைந்ததும் எதையும் தீர்க்க முயலாமல் ஒரு முழுச் சுற்று வாருங்கள். தரை, கூரை, கதவின் பின்பக்கம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அப்புறம் பூட்டிடம் வாருங்கள்.

மாட்டிக்கொண்டால் முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: க்ளூவே இன்னும் கிடைக்கவில்லையா, கிடைத்தும் எதோடு சேர்ப்பது என்று தெரியவில்லையா? கிடைக்கவில்லை என்றால் யோசித்துப் பயனில்லை, தேடத்தான் வேண்டும். கிடைத்திருந்தால் தேடியது போதும், உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் மணிக்கணக்கில் நேரம் போகிறது.

நம்பரைக் குத்துமதிப்பாகப் போட்டுப் பார்ப்பதும் அப்படித்தான். நான்கு இலக்கப் பூட்டுக்கு 10,000 வாய்ப்புகள். ஒன்றுக்கு மூன்று விநாடி என்றாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் நான்கு வெவ்வேறு எண்களும் தெரிந்து வரிசை மட்டும் தெரியவில்லை என்றால் 24 வாய்ப்புகள்தான். அப்போது தாராளமாகப் போட்டுப் பாருங்கள், அது குறுக்கு வழியே இல்லை.

எடுத்த பொருளைத் திருப்பிப் பார்க்காமல் விடுவது அடுத்தது. 2012-இல் ஃபயர்ப்ரூஃப் கேம்ஸ் வெளியிட்ட ‘தி ரூம்’ விளையாடியவர்களுக்கு இது புரியும். கையில் கிடைத்த பொருளைப் பெரிதாக்கிச் சுழற்றினால்தான் அதிலேயே ஒளிந்திருக்கும் அசையும் பாகம் தெரியும். பூட்டில் பொருந்தவில்லை என்று ஒதுக்கிவைத்த பொருளையே மறுபடி எடுத்துப் பாருங்கள்.

சத்தத்தை அணைத்துவிட்டு விளையாடுவதைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் போகும்போது பலரும் அப்படித்தான் விளையாடுகிறோம். 1993-இல் ரான்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்கள் உருவாக்கிய ‘மிஸ்ட்’ கேம், எஸ்கேப் ரூம் என்ற பெயருக்கு முந்தையது, ஆனால் புதிர்கள் இதே வகை. அதில் ஓர் உலகத்தில் தண்டவாள வண்டியில் ஏறிச் சுரங்கப் பாதைகளுக்குள் போக வேண்டும். எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்ல வழிகாட்டிப் பலகை எதுவும் இருக்காது. வண்டி நின்றதும் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் திசை. அதே சத்தங்கள் இன்னோர் உலகத்தில், சுழலும் கோட்டையைத் திருப்பும்போது, எது வடக்கு எது கிழக்கு என்பதோடு சேர்ந்து கேட்கும். அங்கே காது கொடுக்காதவர் இங்கே சுரங்கத்தில் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். ஆகவே ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். கூடவே போனின் நைட் மோடையும் அணைத்துவிடுங்கள். திரை மஞ்சளடித்தால் நிறத்தை வைத்து அமைத்த பஸில்களில் நீலமும் பச்சையும் குழம்பும்.

எல்லாம் மனசில் நிற்கும் என்று நம்ப வேண்டாம். மிஸ்ட் பெட்டியோடு ஒரு வெற்றுக் குறிப்பேட்டையே வைத்துக் கொடுத்தார்கள். சின்னங்களை வரிசை மாறாமல் தாளில் வரைந்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் போதும்தான், ஆனால் கையால் வரையும்போதுதான் இரண்டு சின்னங்களுக்கு நடுவே இருக்கும் ஒற்றுமை பளிச்சென்று தெரிகிறது.

கடைசியாக, அவசரப்பட்டு யூடியூபில் வாக்த்ரூ, அதாவது கேமை முழுதும் ஆடி விடைகளைக் காட்டும் வீடியோ, தேடுவது. கேமிலேயே ஹின்ட் இருந்தால் முதலில் அதைத் தொடுங்கள். தி ரூமில் கேள்விக்குறியைத் தட்டினால் முதலில் லேசான குறிப்புதான் வரும். நேரம் போகப் போகத்தான் தெளிவாகச் சொல்லும். அதுவும் உதவாமல் வாக்த்ரூ பார்த்தே தீர வேண்டும் என்றால் பாருங்கள், தப்பில்லை. ஆனால் விடையைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்கு ஓடாமல், அந்த க்ளூ எங்கே இருந்தது என்று திரும்பிப் போய்ப் பாருங்கள். நான் அப்படிப் போய்ப் பார்த்தபோதெல்லாம், ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை கடந்துபோன இடத்தில்தான் அது இருந்தது.