வேட்டங்குடிக் கண்மாய்க் கரையில் நாரையும் மலர் ஈயும்

காரைக்குடிப் பக்கமிருந்து திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குச் செல்ல விரும்புவோர், மழை பொய்க்காத ஆண்டின் மார்கழி அல்லது தை மாதத்தைத் தேர்ந்துகொண்டு, பொழுது புலரும் முன்பே கண்மாய்க் கரையில் இருக்க வேண்டும். பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் காத்துவரும் நீர்நிலை இது. அங்கே உரக்கப் பேசுவதுகூட அவர்களுக்குச் செய்யும் பிழை என்றே கருதுகிறேன்.

முதல் இரண்டு மணி நேரம் பறவைகளுக்கு உரியது. வெயில் முதுகில் விழும்படி நின்று, கருவேல மரங்களைப் பைனாகுலரால் ஒவ்வொன்றாக மெல்லத் துழாவ வேண்டும். மூடிய அலகுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் அது வளர்ந்த நத்தைகுத்தி நாரை. இளம்பறவையிடம் அந்த இடைவெளி இராது. கூடுள்ள மரத்தை நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்துவிடும், குஞ்சு வெயிலில் வாடும். ஆகவே கரையை விட்டு இறங்கக்கூடாது.

எட்டரை மணிக்குமேல் பனி உலர்ந்ததும் பார்வையைக் காலடிக்குத் திருப்புங்கள். கரையோரத்துத் தும்பையிலும் பொடுதலையிலும் தேனீயைப் போன்ற மஞ்சள், கறுப்புப் பட்டைகளுடன் அந்தரத்தில் அசையாது நிற்பவை மலர் ஈக்கள். தேனீக்கு நான்கு இறகுகள், இதற்கு இரண்டே, உணர்கொம்பு மிகக் குட்டை, கொட்டவும் கொட்டாது. பல இனங்களில் ஆணின் கண்கள் உச்சந்தலையில் ஒன்றையொன்று தொட்டிருக்கும், பெண்ணின் கண்களுக்கிடையே இடைவெளி இருக்கும்.

இவற்றைத் துரத்திப் படமெடுக்க முயல்வது வீண். ஆண் ஈ விலகிச் சென்றாலும் பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்புமாதலால், 100 மி.மீ. அளவிலான மேக்ரோ லென்ஸை அந்த இடத்தில் முன்கூட்டியே குவியப்படுத்தி, ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்குக் குறையாமல் வைத்து, நம் நிழல் பூவின்மேல் விழாதபடி மண்டியிட்டுக் காத்திருப்பதே வழி. இனம் காண ஒரு படம் போதாது; மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இறகு நரம்புகள் தெளிவாகத் தெரிய ஒன்று என மூன்று வேண்டும்.

திரும்பும்போது கரையடியில் தேங்கிய கலங்கல் நீரையும் குனிந்து பாருங்கள். சில மலர் ஈக்களின் புழுக்கள் இத்தகைய நீரில்தான் வளர்கின்றன. எலிவால் போல நீளும் மூச்சுக்குழலின் நுனி நீர்மட்டத்தைத் தொட்டபடி இருக்கும்.