லினக்ஸ் மடிக்கணினி அடிக்கடி உறைந்துபோகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கணினி உறைந்தவுடன் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது, மறுபடியும் உறைந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸைப் புதிதாக நிறுவுவது: பலரும் இதைத்தான் செய்கிறார்கள். பழுது ராமில் இருந்தால் புதிய நிறுவலால் ஒரு பயனும் இல்லை. என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய பதிவுகளும் அதோடு அழிந்துவிடும்.

முதலில், உறைந்தது எது என்று பாருங்கள். கேப்ஸ் லாக்கை அழுத்தினால் விளக்கு மாறுகிறதா? கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வருகிறதா? வந்தால் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கிராஃபிக்ஸ் டிரைவரையோ டெஸ்க்டாப்பையோ சந்தேகிக்கலாம்.

மவுஸ் ஊர்ந்து ஊர்ந்து நகர, வட்டு விளக்கும் அணையாமல் எரிந்தால் பெரும்பாலும் நினைவகம் தீர்ந்திருக்கும். 4 ஜிபி ராமில் பிரவுசரை நிரப்பி வைப்பவர்களுக்கு இது வாடிக்கை. "ஸ்வாப்பை (ராம் போதாதபோது உதவும் வட்டு இடத்தை) நிறுத்திவிடு" என்ற அறிவுரையைக் கேட்காதீர்கள். ஸ்வாப் இல்லாவிட்டால் கெர்னல், ஓடும் நிரல்களின் பகுதிகளையே ராமிலிருந்து வெளியேற்றிவிட்டு வட்டிலிருந்து திரும்பத் திரும்பப் படிக்கும். திணறல் கூடத்தான் செய்யும். தரவைச் சுருக்கி ராமிலேயே வைக்கும் இசட்ராமை இயக்குங்கள், இல்லையென்றால் எர்லிஊம் என்ற நிரலை நிறுவுங்கள். நினைவகம் வறண்டுபோகும் முன்பே எர்லிஊம் பெரிய நிரல் ஒன்றை நிறுத்திவிடும்.

எதற்கும் அசையவில்லையா? அப்போதும் பவர் பட்டன் கடைசி வழிதான். ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன் இரண்டையும் பிடித்தபடி எஸ், யு, பி என்று சற்று இடைவெளி விட்டு அழுத்துங்கள். தரவு வட்டில் எழுதப்படும், வட்டு படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாறும், பிறகு கணினி மறுதொடக்கமாகும். சில மடிக்கணினிகளில் எஃப்என் பட்டனும் தேவைப்படும். இப்படி எந்தெந்த விசைகள் வேலை செய்யலாம் என்பதை ஒரு கெர்னல் அமைப்பு தீர்மானிக்கிறது; உபுண்டுவில் அதன் மதிப்பு இயல்பாகவே 176. இந்த மூன்றுக்கும் அது போதும்.

மறுதொடக்கத்துக்குப் பிறகு, பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையை வெறுமனே ஓட்டிவிட்டு "ஒன்றும் இல்லையே" என்று நிறுத்திவிடாதீர்கள். 'மைனஸ் பி மைனஸ் 1' சேர்த்தால்தான் முந்தைய அமர்வின் பதிவு மட்டும் பிரிந்து வரும். அதன் கடைசி வரிகள்தான் முக்கியம். எந்தப் பிழையும் இல்லாமல் பதிவு சட்டென்று அறுந்திருந்தால் அதுவும் தடயமே: வன்பொருளையும் மின்சேமிப்பு நிலைகளையும் பாருங்கள்.

இணையத்தில் கண்ட கெர்னல் அளவுருக்களை (கணினி தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்புகளை) மொத்தமாக ஒட்டுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. செயலி எவ்வளவு ஆழமான மின்சேமிப்பு நிலைக்குப் போகலாம் என்று சொல்லும் மேக்ஸ் சி-ஸ்டேட்டை 1 ஆக்கும் வழி, இன்டெல் பே டிரெயில் சில்லுகள் உறைந்ததற்குக் கிடைத்த மருந்து. உங்கள் சில்லு அதுவா என்று பார்க்காமல் போட்டால் பேட்டரிதான் வீணாகக் கரையும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். அப்டேட்டுக்குப் பிறகே தொல்லை தொடங்கியது என்றால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துச் சில நாள் ஓட்டிப் பாருங்கள்.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்டை ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு ராம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். இரவு முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் ராம் அட்டைகளைத் தனித்தனியாகப் பொருத்திச் சோதித்து, பழுதானதை மாற்றிவிடுங்கள்.