லினக்ஸ் சர்வரில் பிஎஸ்ஐ: நெருக்கடியை நேரத்தால் அளப்பது

சர்வர் திணறும்போது ஃப்ரீ கட்டளை மெமரி நிரம்பியதாகக் காட்டும். அதில் பெரும்பகுதி தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும் பேஜ் கேஷாக, அதாவது டிஸ்க் கோப்புகளின் தற்காலிக நகலாக இருக்கலாம். சர்வரின் சுமையைக் காட்டும் லோடு ஆவரேஜ், சிபியுவுக்கான காத்திருப்பையும் டிஸ்க்குக்கான காத்திருப்பையும் ஒரே எண்ணாகக் கலந்துவிடும். எதற்காக எவ்வளவு நேரம் வீணானது என்று பிரித்துச் சொல்வது பிஎஸ்ஐ (பிரஷர் ஸ்டால் இன்ஃபர்மேஷன்). ஃபேஸ்புக்கில் யோஹன்னஸ் வைனர் எழுதிய இந்த வசதி, 2018 டிசம்பரில் வெளிவந்த 4.20 கெர்னலில் (லினக்ஸின் மையப்பகுதி) சேர்ந்தது.

முதலில் /ப்ராக்/பிரஷர்/மெமரி கோப்பை கேட் கட்டளையால் படியுங்கள். 'சம்' (some), 'ஃபுல்' (full) என்று இரண்டு வரிகள் வந்தால் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

வரவில்லையா? பலர் சிக்கும் இடம் இதுதான். ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8, 9, அவற்றின் வழிவந்த ராக்கி, அல்மா ஆகியவற்றில் பிஎஸ்ஐ கெர்னலுக்குள் இருக்கிறது, ஆனால் அணைத்தே தருகிறார்கள். பூட் அடைவிலுள்ள கான்ஃபிக் கோப்பில் 'கான்ஃபிக்_பிஎஸ்ஐ=ஒய்' என்றிருப்பதைப் பார்த்து நம்பிவிடக் கூடாது; பக்கத்திலேயே 'டிஃபால்ட்_டிஸேபிள்டு=ஒய்' என்று முடியும் வரியும் இருக்கும். பூட் அமைப்பை மாற்றும் க்ரப்பி கருவியால் எல்லாக் கெர்னல்களுக்கும் 'பிஎஸ்ஐ=1' என்ற ஆர்க்யுமென்ட்டைச் சேர்த்து ரீபூட் செய்யுங்கள். பிறகு /ப்ராக்/சிஎம்டிலைன் கோப்பில் அது ஏறியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

'சம்' என்றால் ஒரு டாஸ்க்காவது (ஓடும் நிரல்) காத்திருந்த நேரம். 'ஃபுல்' என்றால் வேலையுள்ள எல்லா டாஸ்க்கும் ஒருசேர நின்ற நேரம். 10, 60, 300 வினாடிச் சராசரிகள் சதவீதத்தில் இருக்கும். 'டோட்டல்' மைக்ரோ வினாடியில்.

தொடர்ந்து கவனிக்க, அளவீடுகளைச் சேமிக்கும் ப்ரொமிதியஸும் சர்வரிலிருந்து அவற்றை எடுத்துத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டரும் போதும். சொந்தமாக ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி, குறித்த நேரத்தில் ஓட்டும் கிரானில் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: நிமிடத்துக்கு ஒருமுறை பத்து வினாடிச் சராசரியைப் படித்தால் இடையில் வந்துபோன நெருக்கடி கண்ணில் படாது. எக்ஸ்போர்ட்டர் 'டோட்டல்' கவுன்ட்டரை எடுப்பதால் எதுவும் விடுபடாது. அதன் பெயரிடலில் 'வெயிட்டிங்' என்பது சம், 'ஸ்டால்டு' என்பது ஃபுல். மெமரி ஸ்டால்டின் ஐந்து நிமிட ரேட் 0.1ஐத் தாண்டினால், அதாவது நேரத்தில் 10 சதவீதம் எல்லாமே நின்றால், அலர்ட் வையுங்கள். சிபியு 'சம்' உயர்வதற்கெல்லாம் நள்ளிரவில் யாரையும் எழுப்ப வேண்டாம். பேட்ச் வேலை ஓடும் சர்வரில் அது இயல்பு.

அலர்ட் வருகிறதா என்பதை சோதனை சர்வரில் மட்டும், ஸ்ட்ரெஸ்-என்ஜி கொண்டு மெமரியை நிரப்பிப் பாருங்கள். மெமரி தீர்ந்தால் நிரல்களைக் கொல்லும் ஊம் கில்லர் பாயக்கூடும்.

பின்சேர்க்கை: கன்டெய்னருக்குள் படித்தாலும் முழு சர்வரின் எண்களே வருகின்றன என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஆம், /ப்ராக்/பிரஷர் முழு இயந்திரத்துக்கானது. தனி கன்டெய்னருக்கு, ஹோஸ்ட்டில் /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப் அடைவின்கீழ் அதன் குழுவிலுள்ள 'மெமரி.பிரஷர்' கோப்பைப் படியுங்கள். இதற்கு, நிரல்களைக் குழுவாகப் பிரித்துக் கணக்கிடும் கெர்னல் வசதியான சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பு வேண்டும்.