மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிப்பது எப்படி?

ஈராசிரியர் பள்ளிகளில் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளை ஒருசேர நடத்த வேண்டிய ஆசிரியருக்கு, முன்னரே கற்ற மாணவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது பழைய வழி. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்த வேலை அதுதான். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதிப் பள்ளியின் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியில் அதைப் பின்பற்ற ஆசிரியர்கள் தயங்கவே, ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கைக்குப் பின் இம்முறை 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது.

இதை இன்று கையாள விரும்புவோர் முதலில் பாடப்பகுதியைச் சிறிதாக வரையறுக்க வேண்டும். ண, ன, ந வேறுபாடு, வாய்பாடு, கடன் வாங்கிக் கழித்தல் போன்ற பயிற்சிகள் இதற்குப் பொருந்தும். பின்னம் என்றால் என்ன என்பதைப் புரியவைக்கும் பொறுப்பை எந்த மாணவர் தலையிலும் சுமத்தக் கூடாது. மனப்பாடத்துக்கு அப்பால் செல்லவில்லை என்று பெல்லின் முறைமீது எழுந்த குறை நியாயமானதே.

துணை மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் மதிப்பெண் பெறுபவரையே நாடுவது வழக்கம். ஆனால் அந்தக் கணக்கைச் சென்ற வாரம்தான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவர், எந்த இடத்தில் பிசகும் என்பதை நினைவில் வைத்திருப்பார். என் தேர்வு அவரே. ஒருவரிடம் நான்கு பேருக்கு மேல் ஒப்படைக்க வேண்டாம். விடையைச் சொல்லிவிடாமல் "எப்படிச் செய்தாய், சொல்" என்று கேட்கவும், பதில் வரும்வரை காத்திருக்கவும் அவரை முன்கூட்டியே பழக்க வேண்டும். பேசுபவர் பெயரைக் கரும்பலகையில் எழுதும் அதிகாரத்தை மட்டும் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் கற்பித்தல் போய்க் கண்காணிப்பே மிஞ்சும்.

பதினைந்து நிமிடம் போதும். அதற்கு மேல் நீட்டினால் துணை மாணவரின் சொந்தப் படிப்பு கெடும் என்பதால், வாரந்தோறும் ஆளை மாற்றுவதும் அவசியம். முடிவில் ஒவ்வொரு குழுவிலும் ஓரிருவரை ஆசிரியரே அழைத்துச் சோதிக்க வேண்டும். குழு முழுவதும் ஒரே பிழையைச் செய்திருந்தால், பெரும்பாலும் துணை மாணவரே தவறாகப் புரிந்துகொண்டிருப்பார்; முதலில் அவரைத் தனியே அழைத்துத் திருத்திவிட்டு, மறுநாள் அதே குழுவுக்கு அவரையே மீண்டும் சொல்லித்தரச் செய்யலாம்.