நாய் பிடிக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் ஓய்வூதியம் பெறுவது எப்படி?

சேலத்தின் சூரமங்கலத்திலோ அம்மாபேட்டையிலோ விடியற்காலையில் வலையோடு தெருநாய் பிடிக்கச் செல்பவர் ஒப்பந்ததாரரிடம் சம்பளம் வாங்குபவராக இருந்தால், அரசு ஊழியருக்கான ஓய்வூதியம் அவருக்குக் கிடையாது. ஆனால் மாநகராட்சிகள் 2011 முதல் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) சட்டத்தின் வரம்பில் இருப்பதால், 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் சேரும் உரிமை அவருக்கு உண்டு.

முதலில் பி.எஃப். உறுப்பினருக்கான பொது எண்ணான யு.ஏ.என்.-ஐ வைத்து, மத்திய அரசின் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். அதில் ஓய்வூதியத்துக்கென்று தனிப் பத்தி இருக்கும், பி.எஃப். கணக்கிடும் சம்பளம் 12,000 ரூபாய் என்றால், நிறுவனப் பங்கிலிருந்து 8.33 விழுக்காடாக மாதம் 1,000 ரூபாய் அங்கே ஏறியிருக்க வேண்டும்.

பெரும்பாலும் சிக்கல் தொடங்குவது ஒப்பந்ததாரர் மாறும்போதுதான். 11 ஆண்டுகள் இதே வேலையைப் பார்த்த ஒருவரின் பாஸ்புக்கை நான் பார்த்தபோது, அவருடைய சேவை மூன்று எண்களில் ஆறு, மூன்று, இரண்டு ஆண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. ஓய்வூதியத்துக்குத் தேவையான 10 ஆண்டுகள் எந்த எண்ணிலும் தனியாக இல்லை. ஆகவே படிவம் 13 வழியாகப் பழைய கணக்குகளை ஒரே யு.ஏ.என்.னுக்கு மாற்றுங்கள். ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் முதலெழுத்து வேறுபட்டால் மனு திரும்பி வந்துவிடும் என்பதால் அதை முன்கூட்டியே திருத்திக்கொள்ளுங்கள். இடைவெளியில் பணம் தேவைப்பட்டாலும், படிவம் 10சி-யில் ஓய்வூதியத் தொகையை எடுத்துவிடாமல், உழைத்த ஆண்டுகளைப் பதிவுசெய்து தரும் திட்டச் சான்றிதழைக் கேளுங்கள். தொகையை எடுத்தால் அதுவரை உழைத்த ஆண்டுகள் கணக்கில் வராது.

சில மாதங்களுக்குப் பணம் கட்டப்படவில்லை என்றால், வங்கிப் பதிவு, பணி அடையாள அட்டை, வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டை ஆகியவற்றின் நகல்களோடு சேலம் வைப்பு நிதி அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். ஒப்பந்ததாரர் கட்டத் தவறினாலும் வேலை வாங்கிய முதன்மை நிறுவனத்துக்குப் பொறுப்பு உண்டு என்பதை மனுவில் கட்டாயம் குறிப்பிடுங்கள். மாதந்தோறும் 27ஆம் தேதி குறைதீர் முகாமும் நடக்கிறது. ஏற்காட்டில் இருப்பவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வராமல் இணையத்திலேயே புகார் பதியலாம்.

58 வயதில் ஓய்வூதியம் கோரி படிவம் 10டி கொடுக்க வேண்டும். சராசரிச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாத ஓய்வூதியம் வரும். 12,000 ரூபாய்க்கு 14 ஆண்டுகள் என்றால் 2,400 ரூபாய். சிறிய தொகைதான், ஆனாலும் உழைத்துச் சேர்த்தது.

நாய்க்கடியை அன்றாடம் எதிர்கொள்ளும் வேலை இது. பணியில் இருக்கும்போதே தொழிலாளர் இறந்துவிட்டால், ஒரு மாதப் பங்களிப்பு கட்டப்பட்டிருந்தாலே மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. அதனால் மனைவி, பிள்ளைகள் பெயர்களை நாமினிப் பதிவில் இன்றே சேர்த்துவிடுங்கள்.