எஃப்மாக் முறையில் முதல் பெப்டைடு: ஐந்து அமினோ அமிலங்களைக் கையால் கோப்பது எப்படி?

பெப்டைடை (அமினோ அமிலச் சங்கிலியை) எழுதுவது இடமிருந்து வலம், செய்வது வலமிருந்து இடம். இதை மறந்து தலைகீழாகக் கோத்துவிட்டால் எடை சரியாக வரும், பொருள் வேறாக இருக்கும். நிறை நிறமாலை பார்த்தும் உடனே பிடிபடாது. அதனால் வரிசையைத் தாளில் தலைகீழாக எழுதி, கண்முன் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

நாம் செய்யப்போவது டைரோசின்-கிளைசின்-கிளைசின்-பினைல்அலனின்-லியூசின். உடலில் உண்டாகும் வலிதணிப்புப் பெப்டைடான லியூ-என்கெஃபலினின் அமைடு வடிவம். ஆக, முதலில் சேர்வது லியூசின்.

1963இல் மெரிஃபீல்டு வெளியிட்ட திண்மநிலை உத்திதான் இதன் அடிப்படை (1984இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது). சங்கிலியின் ஒரு முனை ரெசின் (பாலிமர்) மணியில் ஒட்டியிருக்கும். புதிதாகச் சேரும் அமினோ அமிலத்தின் அமீன் முனையை எஃப்மாக் என்ற தற்காலிகக் காப்புத் தொகுதி மூடியிருக்கும்; அடுத்ததைச் சேர்க்குமுன் அதை நீக்க வேண்டும். மிச்சமானதையெல்லாம் கழுவி ஊற்றிவிடலாம். ஆனால் மணியின்மேல் நடந்த தவறு கழுவினால் போகாது, கடைசி வரை கூடவே வரும். ஒவ்வொரு இணைப்பும் 95% முடிந்தாலும், ஐந்து முடியும்போது சரியான சங்கிலி 77% தான்.

அளவுகள் (0.1 மில்லிமோல்)

ரிங்க் அமைடு ரெசின், கிராமுக்கு 0.5 மில்லிமோல் ஏற்றம்: 200 மி.கி. அமினோ அமிலம் ஒவ்வொரு முறையும் 4 மடங்கு: எஃப்மாக்-லியூசின் 141 மி.கி., எஃப்மாக்-பினைல்அலனின் 155, எஃப்மாக்-கிளைசின் 119 (இரண்டு முறை), பக்கத்தொகுதியில் டெர்ட்-பியூட்டைல் காப்புள்ள எஃப்மாக்-டைரோசின் 184. ஒவ்வொன்றுக்கும் எச்பிடியு (இணைப்பைத் தூண்டும் வினைபொருள்) 148 மி.கி., டிஐபிஇஏ (காரம்) 140 மைக்ரோலிட்டர்.

கலனாக, அடியில் வடிதட்டு பொருத்திய 10 மி.லி. பாலிபுரொப்பிலீன் சிரிஞ்சு போதும். காந்தக் கலக்கி வேண்டாம். அது மணிகளை அரைத்துப் பொடியாக்கும், பொடி வடிதட்டை அடைக்கும். மெதுவாகக் குலுக்கும் கருவியில் வையுங்கள்.

சுற்று

ரெசினை 4 மி.லி. டிஎம்எஃப்-இல் (டைமெதில்ஃபார்மமைடு என்ற கரைப்பான்) 30 நிமிடம் ஊறவிடுங்கள். மணி உப்பாவிட்டால் வினைபடுபொருள் உள்ளே போகாது. இந்த ரெசின் பெரும்பாலும் எஃப்மாக் காப்புடனேயே வரும்; எனவே முதல் வேலை இணைப்பு அல்ல, காப்பு நீக்கம்.

டிஎம்எஃப்-இல் 20% பைப்பெரிடின், 3 மி.லி.: முதலில் 3 நிமிடம், வடித்துவிட்டுப் புதிதாக 10 நிமிடம். பிறகு டிஎம்எஃப்-ஆல் ஐந்து முறை கழுவல். இங்கே கஞ்சத்தனம் கூடாது. தங்கிய பைப்பெரிடின் அடுத்து வரும் அமினோ அமிலத்தோடு தானே இணைந்துகொள்ளும், அதன் எஃப்மாக்கையும் கழற்றிவிடும்.

அமினோ அமிலத்தையும் எச்பிடியு-வையும் 2 மி.லி. டிஎம்எஃப்-இல் கரைத்து, டிஐபிஇஏ சேர்த்து, ஓரிரு நிமிடத்தில் ரெசினில் ஊற்றுங்கள். 45 நிமிடம் குலுக்கல், மறுபடி ஐந்து கழுவல்.

எச்பிடியு அமினோ அமிலத்தைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கட்டும். கூடினால் அது சங்கிலியின் அமீன் முனையிலேயே ஒட்டி, குவானிடின் தொகுதியாக மாறி, வளர்ச்சியை அங்கேயே நிறுத்திவிடும். மிஞ்சிய அமீனை நீலமாகக் காட்டும் கைசர் சோதனையும் (கீழே) இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் அங்கே அமீனே மிச்சமில்லை.

டிஎம்எஃப் பாட்டிலைத் திறக்கும்போது மீன் வாடை அடித்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். சிதைந்து உண்டான டைமெதிலமீனின் வாடை அது. எஃப்மாக்கை வேண்டாத நேரத்தில் மெல்ல மெல்லக் கழற்றும்.

கைசர் சோதனை

கழுவிய மணிகளில் பத்துப் பதினைந்தைச் சிறு குழாயில் எடுத்து நின்ஹைட்ரின், பீனால், பிரிடினில் கரைத்த பொட்டாசியம் சயனைடு ஆகிய மூன்று கரைசல்களிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டு, 110 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்குங்கள். திரவத்தின் நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். குழாயை வெள்ளைத் தாள்மேல் பிடித்து மணிகளையே பாருங்கள். திரவம் மஞ்சள், மணிகள் நீலம் என்றால் இணைப்பு முடியவில்லை. புதிய கலவையோடு அதையே மறுபடி செய்யுங்கள். மணியும் மஞ்சளாக இருந்தால் மேலே போகலாம். காப்பு நீக்கிய மணிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் குழப்பம் இராது. புரோலின் முனையில் இந்த நீலம் வராது, அங்கே குளோரனில் சோதனைதான். சயனைடு கலந்த கழிவை அமிலக் கழிவோடு ஒருபோதும் சேர்க்கக்கூடாது.

கழற்றல்

டைரோசின் சேர்ந்ததும் அதன் எஃப்மாக்கையும் நீக்கிவிடுங்கள். பிறகு டைகுளோரோமீத்தேனால் ஐந்து முறை கழுவி உலர்த்துங்கள். டிஎம்எஃப் தங்கினால் அமிலத்தின் வீரியம் குறையும், வீழ்படிவும் சரியாக வராது.

டிஎஃப்ஏ (டிரைஃபுளூரோஅசெட்டிக் அமிலம்) 3.8 மி.லி., டிஐஎஸ் (டிரைஐசோபுரொப்பைல்சைலேன்) 0.1, நீர் 0.1 கலந்து ரெசினோடு 2 மணி நேரம். டிஎஃப்ஏ தோலைக் கருக்கும். புகைப்பெட்டிக்கு வெளியே திறக்காதீர்கள். கழன்ற டெர்ட்-பியூட்டைல் அயனிகள் டைரோசின் வளையத்தில் ஒட்டாமல் டிஐஎஸ்-உம் நீரும் பிடித்துக்கொள்ளும்.

வடித்த கரைசலை நைட்ரஜன் ஓட்டத்தில் 1 மி.லி. அளவுக்குக் குறைத்து, உறைகுளிர் ஈதர் 40 மி.லி.இல் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இது சின்ன, நீர்வெறுக்கும் பெப்டைடு. கொஞ்சம் ஈதரிலேயே கரைந்து நிற்கலாம். அதனால் நிறமாலை வரும்வரை ஈதரைக் கொட்டாதீர்கள்.

பார்ப்பது

எச்பிஎல்சி (கலவையைப் பிரித்துக் காட்டும் கருவி): சி18 கம்பம், 0.1% டிஎஃப்ஏ கலந்த நீர், அசிட்டோநைட்ரைல்; 20 நிமிடத்தில் 5%இலிருந்து 60%க்கு; 214 நானோமீட்டர். நிறை நிறமாலையில் வரவேண்டியது 555.3 (ஒரு புரோட்டான் ஒட்டியது). 577.3 சோடியம் ஒட்டியது, பிழையல்ல. 498.3 என்றால் ஒரு கிளைசின் விட்டுப்போயிருக்கிறது. 611.4 என்றால் டெர்ட்-பியூட்டைல் இன்னும் இருக்கிறது. இன்னொரு மணி நேரம் டிஎஃப்ஏ-இல் வைத்துப் பாருங்கள். 777.4 என்றால் கடைசி எஃப்மாக்கை நீக்க மறந்துவிட்டீர்கள்.

விளைச்சலைக் கணக்கிடும்போது பெப்டைடின் மட்டுமான மூலக்கூறு எடை 554.6ஐ வைத்துக்கொள்ளாதீர்கள். கையில் இருப்பது டிஎஃப்ஏ உப்பு, அதன் மூலக்கூறு எடை 668.7, ஆகவே முழு விளைச்சல் 55 மி.கி. அல்ல, 67 மி.கி.