செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு, ஜன்னலோரமாக

குற்றாலச் சாரல் இருக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் போங்கள். இரவு ரயிலில் ஏறினால் மலையைத் தூங்கியே கடந்துவிடுவீர்கள். பகல் வண்டிதான் வேண்டும். புனலூர் வரைதானே, முன்பதிவில்லாத டிக்கெட் போதும்.

பகவதிபுரம் தாண்டியதும் நீண்ட குகை வரும். இந்தப் பக்கம் செங்கோட்டை வயல், அந்தப் பக்கம் ஆரியங்காவுக் காடு. கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டுக் காற்றில் ஈரம் ஏறுவதைக் கவனியுங்கள். இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

அடுத்து, 1904இல் திறந்த இப்பாதையின் பதின்மூன்று கண் பாலம். மேலே போகும்போது அதன் அழகு தெரியாது! கருங்கல் வளைவுகளை நெடுஞ்சாலையிலிருந்துதான் பார்க்கவேண்டும். ஆகவே புனலூரில் இறங்கி, 1877ஆம் ஆண்டுத் தொங்குபாலத்தில் நடந்துவிட்டு, திரும்புவதற்குத் தென்காசி பஸ் பிடியுங்கள். அம்மாவை அப்படித்தான் அழைத்துவந்தேன். பாலத்தைப் பார்க்க, வழியில் அது இருக்கும் கழுதுருட்டியில் இறங்கிக்கொள்ளுங்கள்.